வீட்டுக் கேர் வேலைக்குச் சம்பள உயர்வு: ரோட்டாவில் தொடங்கி கவுன்சில் கூட்டம் வரை

இங்கிலாந்தில் வீடு வீடாகப் போய் முதியோரையும் உடல் முடியாதவர்களையும் பார்த்துக்கொள்ளும் கேர் வேலை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேஸ்லிப்பில் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும். ஆனால் அந்தக் கம்பெனிக்குப் படியளப்பது பெரும்பாலும் உள்ளூர்க் கவுன்சில்தான். சம்பளம் உயர வேண்டுமென்றால் இரண்டு பேரையும் அசைக்க வேண்டும், அதுவும் சரியான வரிசையில்.

நான் ஒன்பது வருடம் இந்த வேலை பார்த்தவள். லண்டனில் இரண்டு பாரோக்களில் (தனித்தனிக் கவுன்சில் உள்ள பகுதிகள்) இப்படிப்பட்ட முயற்சிகளில் கூட நின்றிருக்கிறேன். ஒன்று பாதி ஜெயித்தது. இன்னொன்று முதல் மாதமே கவிழ்ந்தது. அங்கே எங்களை யாரும் எதிர்க்கவில்லை; கையில் கணக்கு இல்லாமல் நேராகக் கவுன்சிலரிடம் போய் நின்றோம், அவ்வளவுதான். "ஒரு மணி நேரத்துக்கு உங்களுக்கு உண்மையில் எவ்வளவு வருகிறது?" என்று கேட்டார். போன ஐந்து பேரும் ஐந்து பதில் சொன்னோம்.

ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் கேர் ஊழியர் சம்பளத்துக்கு அந்தந்த அரசுகளின் தனி ஏற்பாடு இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு இதில் சில படிகள் மட்டுமே பொருந்தும்.

1. பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

உங்கள் ரோட்டாவில், அதாவது எந்த வீட்டுக்கு எப்போது போக வேண்டும் என்ற அட்டவணையில், இருக்கும் க்ளையன்ட்களை நான்காகப் பிரியுங்கள். கவுன்சில் கம்பெனிக்குப் பணம் கட்டுகிறவர்கள், சொந்தக் காசில் கட்டுகிறவர்கள், அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் கட்டுகிறவர்கள், கவுன்சிலிடம் 'டைரக்ட் பேமென்ட்' வாங்கித் தாங்களே ஆளை வைத்துக்கொள்கிறவர்கள். ஆபீஸில் கேட்டால் சொல்ல மாட்டார்கள். ஆனால் கேர் பிளானைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பெரும்பகுதி கவுன்சில் பணம் என்றால் மேலே படியுங்கள். பெரும்பகுதி சொந்தக் காசு க்ளையன்ட் என்றால் கவுன்சில் வாசலில் நின்று பயனில்லை. பேச வேண்டியது கம்பெனியோடு.

அடுத்தது, எந்தக் கவுன்சில்? லண்டன் பாரோக்களில் குழப்பம் இல்லை. ஹாரோ, பிரென்ட், நியூஹாம், ரெட்பிரிட்ஜ், குரொய்டன் எல்லாமே முதியோர் கேரைத் தாங்களே பார்க்கின்றன. லண்டனுக்கு வெளியே பல இடங்களில் இரண்டு அடுக்குக் கவுன்சில் உண்டு. குரோலியில் குப்பை எடுப்பது பாரோ கவுன்சில். கேருக்குப் பணம் கொடுப்பது வெஸ்ட் சசெக்ஸ் கவுன்டி கவுன்சில். முந்நூறு கையெழுத்து வாங்கித் தவறான கவுன்சிலுக்கு மனுக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். "இது எங்கள் துறை இல்லை" என்று ஒரு வரிப் பதில் வந்தது. ஒரு மாத உழைப்பு போயிற்று.

2. நான்கு வாரம் டைரி எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாவிப் போகப் பார்க்கிறார்கள். தாவாதீர்கள். மற்ற எல்லாப் படிகளும் இந்த டைரியின் மேல்தான் நிற்கின்றன.

ஒரு சின்ன நோட்டு போதும். ஒவ்வொரு விசிட்டுக்கும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், அடுத்த வீட்டுக்குக் கிளம்பிய நேரம், போய்ச் சேர்ந்த நேரம், சேர்ந்த பிறகு காத்திருந்த நிமிடம். பயணத்தையும் காத்திருப்பையும் தனித்தனியாக எழுதுங்கள். காரணம், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் பயணம் சட்டப்படி குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் வேலை நேரம். காத்திருப்பு எந்த அளவுக்குச் சேரும் என்பதில் வாதம் வரும். உங்கள் வீட்டிலிருந்து முதல் விசிட்டுக்குப் போவதும், கடைசி விசிட்டிலிருந்து வீடு திரும்புவதும் கணக்கில் வராது. அதைச் சேர்த்துவிட்டால், "இவர்கள் கணக்கே தப்பு" என்று ஒரே அடியில் தள்ளிவிடுவார்கள்.

ஒரு காலை ஷிஃப்ட்டைப் பார்ப்போம்:

7:00 – 7:30 முதல் வீடு
7:50 – 8:35 இரண்டாம் வீடு
8:55 – 9:25 மூன்றாம் வீடு
9:50 – 10:20 நான்காம் வீடு
10:35 – 11:05 ஐந்தாம் வீடு

வீட்டுக்குள் இருந்த நேரம் 165 நிமிடம், அதாவது இரண்டே முக்கால் மணி. நடுவில் போனது 80 நிமிடம். கம்பெனி மணிக்கு 13.20 பவுண்ட் என்று விளம்பரம் செய்கிறது, ஆனால் உள்ளே இருந்த நேரத்துக்கு மட்டும் தருகிறது என்று வையுங்கள். கைக்கு வருவது 36.30 பவுண்ட். உழைத்த நேரமோ 4 மணி 5 நிமிடம். வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 8.89. 2026 ஏப்ரலிலிருந்து 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் 12.71. அந்தக் கணக்கில் இந்தக் காலைக்கு 51.90 வந்திருக்க வேண்டும். 15.60 பவுண்ட் ரோட்டிலேயே கரைந்துவிட்டது.

இந்த ஒரு நாளைக் காட்டி "சட்டமீறல்" என்று சொல்லிவிட முடியாது, கவனம். சட்டம் ஒரு நாளைப் பார்ப்பதில்லை. சம்பளக் காலம் முழுவதையும் கூட்டிச் சராசரி பார்க்கிறது. மாதச் சம்பளம் என்றால் மாதம் முழுவதும். அதனால்தான் நான்கு வாரம் என்கிறேன். உங்கள் சம்பளம் மாதக் கணக்கு என்றால் அந்த மாதத்தின் முதல் நாளில் தொடங்கிக் கடைசி நாளில் முடியுங்கள். வேலைக்காக நீங்கள் போட்டுத் திருப்பித் தரப்படாத பெட்ரோல் காசு, யூனிஃபார்ம் காசு ஆகியவையும் இந்தக் கணக்கில் சம்பளத்திலிருந்து கழியும். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

டைரியில் க்ளையன்ட் பெயர், முகவரி, நோய் எதுவும் வேண்டாம். "வீடு 1, வீடு 2" போதும். போஸ்ட்கோடின் முதல் பாதி மட்டும் எழுதுங்கள். ரோட்டாவை அப்படியே படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டு, தகவல் பாதுகாப்பு என்ற பெயரில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவர் எங்கள் குழுவிலேயே இருந்தார். கம்பெனிக்கு அதைவிட வசதியான காரணம் கிடைக்காது.

பேஸ்லிப்பில் மொத்தத் தொகை மட்டும் போடுகிறார்களா? நேரத்தைப் பொறுத்துச் சம்பளம் மாறுகிறவர்களுக்கு எத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் என்பதையும் பேஸ்லிப்பில் காட்ட வேண்டும் என்பது 2019 ஏப்ரலிலிருந்து சட்டம். குறைந்தபட்ச ஊதியம் கிடைக்கவில்லை என்று நியாயமான சந்தேகம் இருந்தால் சம்பளப் பதிவேட்டைக் காட்டச் சொல்லி எழுத்தில் கேட்கலாம். 14 நாளுக்குள் காட்ட வேண்டும்.

3. ஆள் சேருங்கள், யூனியனில் சேருங்கள், பிறகு வாய் திறங்கள்

ஒருவர் டைரி புகார். ஆறு பேர் டைரி ஆதாரம். முதலில் நீங்கள் நம்பும் இரண்டு பேர் போதும். இரண்டு பேராகப் போகும் டபுள்-அப் விசிட்டில், க்ளையன்டைத் தூக்கும் ஹாய்ஸ்ட் போடும்போது கூட நிற்பவர்தான் இயல்பான முதல் ஆள். அவரோடுதான் காரில் பேச நேரம் கிடைக்கும்.

கேர் ஊழியர்களுக்கு யூனிசன், ஜிஎம்பி இரண்டும் பரவலாக உண்டு. எதில் சேர்வது என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் பகுதியில் எது கவுன்சிலோடு பேசுகிறது என்று விசாரியுங்கள். ஆனால் சீக்கிரம் சேருங்கள். சேர்வதற்கு முன்பே தொடங்கிய பிரச்சினைக்குச் சட்ட உதவி கிடைக்காமல் போகலாம். வீடு எரிந்த பிறகு இன்ஷூரன்ஸ் எடுக்கிற கதைதான்.

கம்பெனி ஸ்பான்சர் செய்த விசாவில் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "அக்கா, யூனியன்ல சேர்ந்தா ஸ்பான்சர்ஷிப் போயிடுமா?" யூனியனில் சேர விசா விதி எதுவும் தடை போடவில்லை. சேர்ந்ததற்காக உங்களைத் துன்புறுத்துவதையும் வேலையை விட்டு நீக்குவதையும் 1992 தொழிற்சங்கச் சட்டம் தடுக்கிறது. நீங்கள் உறுப்பினர் என்பதை யூனியன் உங்கள் அனுமதியில்லாமல் கம்பெனிக்குச் சொல்லாது. ஆனால் சட்டம் காகிதத்தில் இருப்பது ஒன்று, வேலை போன பிறகு ஓடுவது இன்னொன்று. ஸ்பான்சர்ஷிப் முடிந்தால் வேறு ஸ்பான்சரைத் தேட வழக்கமாகக் கிடைப்பது 60 நாள். 2025 ஜூலைக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் ஊழியர்களை எடுப்பதும் நின்றுவிட்டது.

அதனால் என் ஏற்பாடு இப்படி: விசாவில் இருப்பவர்கள் டைரி எழுதட்டும், ஆள் சேர்க்கட்டும், கணக்குப் போடட்டும். மேடையில் பேசுவது, பெயர் போட்டுக் கையெழுத்திடுவது, பத்திரிகைக்கு முகம் காட்டுவது ஆகியவற்றை குடியுரிமையோ நிரந்தரமாகத் தங்கும் உரிமையோ உள்ளவர்களும் யூனியன்காரர்களும் செய்யட்டும். இதில் கோழைத்தனம் எதுவும் இல்லை, வேலைப் பங்கீடு. இந்தப் பங்கீட்டைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் மாதம், "நாங்க மட்டும்தான் முன்னால நிக்கிறோம்" என்று சண்டை வரும்.

4. கவுன்சில் எவ்வளவு கொடுக்கிறது என்று எழுதிக் கேளுங்கள்

தகவல் சுதந்திரச் சட்டம் 2000-இன் கீழ் யாரும் கவுன்சிலிடம் தகவல் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை, கட்டணமும் கிடையாது. 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். ஈமெயில் போதும், உண்மைப் பெயரில். வாட்-டு-தே-நோ என்ற இணையதளம் வழியாகவும் அனுப்பலாம். ஆனால் அதில் கேட்டவர் பெயரோடு எல்லாம் பொதுவில் தெரியும். கம்பெனிக்குத் தெரியக் கூடாது என்றால் நேரடி ஈமெயிலே நல்லது. கம்பெனியிடம் இந்தச் சட்டத்தில் கேட்க முடியாது, கவுன்சிலிடம் மட்டும்தான்.

இந்த ஐந்தைக் கேளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்:

அ. வீட்டுக் கேருக்காக ஒவ்வொரு கம்பெனிக்கும் இந்த நிதியாண்டில் மணிக்கு எவ்வளவு கட்டுகிறீர்கள்? போன ஆண்டு எவ்வளவு?
ஆ. அரை மணி, கால் மணி விசிட்டுக்கு ரேட் எப்படிக் கணக்கிடப்படுகிறது? நிமிடக் கணக்கா?
இ. ஊழியரின் பயண நேரத்துக்குச் சம்பளம் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா? இருந்தால் அந்தப் பிரிவின் வாசகம் என்ன?
ஈ. கம்பெனிகள் உண்மையில் என்ன சம்பளம் தருகின்றன என்று கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?
உ. இப்போதைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது? நீட்டிக்க வாய்ப்பு உண்டா? அடுத்த டெண்டர் எப்போது?

ஐந்தோடு நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இருபது கேள்வி கேட்டால், திரட்டுவதற்கு அதிகச் செலவாகும் என்று சொல்லி மொத்தத்தையும் மறுத்துவிடலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. "வணிக ரகசியம்" என்று முதல் கேள்வியை மட்டும் மறுத்தால், கம்பெனி பெயர் இல்லாமல் சராசரியையும், மிகக் குறைந்த, மிக அதிக ரேட்டையும் தரச் சொல்லி மறுபரிசீலனை கேளுங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் இன்ஃபர்மேஷன் கமிஷனர் அலுவலகத்தில் முறையிடலாம்.

5. பதில் வந்ததும்: யாருடைய பிடரியைப் பிடிப்பது?

இந்த இடத்தில்தான் பாதை பிரிகிறது. வீட்டுக் கேர் கம்பெனிகளின் கூட்டமைப்பான ஹோம்கேர் அசோசியேஷன், சட்டப்படியான சம்பளம், பயண நேரம், விடுமுறைச் சம்பளம், நேஷனல் இன்ஷூரன்ஸ், பயிற்சி, ஆபீஸ் செலவு எல்லாம் சேர்த்து மணிக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்று ஆண்டுதோறும் கணக்குப் போட்டு வெளியிடுகிறது. இங்கிலாந்துக்கு 2025-26-இல் அது 32.14 பவுண்ட். முதலாளிகளின் அமைப்பு போட்ட கணக்கு என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் அளவுகோலாக உதவும்.

கவுன்சில் 23, 24 பவுண்ட்தான் கட்டுகிறதென்றால், கம்பெனியோடு மட்டும் மல்லுக்கட்டி ஒன்றும் வராது. அங்கே கம்பெனியே உங்கள் பக்கம் பேசக்கூடும். எங்கள் பாரோவில் ஒரு மேனேஜர் தன் செலவுக் கணக்கையே எங்களிடம் தந்தார். மாறாக, கவுன்சில் அந்த அளவுக்குப் பக்கத்தில் கட்டியும் உங்களுக்குப் பயண நேரச் சம்பளம் வரவில்லை என்றால், பணம் நடுவில் நிற்கிறது. அப்போது கவுன்சிலிடம் கேட்க வேண்டியது "கூடுதல் பணம்" அல்ல. "கொடுத்த பணம் எங்கே போகிறது என்று பாருங்கள்" என்பது. இரண்டையும் குழப்பினால் கவுன்சில் கம்பெனியைக் காட்டும், கம்பெனி கவுன்சிலைக் காட்டும். நீங்கள் நடுவில் பந்து.

நான்கு வார டைரியில் குறைந்தபட்ச ஊதியமே எட்டவில்லை என்று தெரிந்தால், பிரச்சாரத்துக்காகக் காத்திருக்காதீர்கள். யூனியனிடமோ வேலைத் தகராறுகளில் இலவச ஆலோசனை தரும் ஏகாஸ் உதவி மையத்திடமோ உடனே பேசுங்கள். வேலைத் தகராறுத் தீர்ப்பாயத்துக்குப் போகும் காலக்கெடு, வழக்கமாகக் கடைசிக் குறைவு நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. அதை நீட்டிக்கச் சட்டம் வந்திருக்கிறது. ஆனாலும் மூன்று மாதம் என்றே மனதில் வையுங்கள். ஹாரிங்கே கவுன்சிலின் ஒப்பந்தத்தில் வேலை செய்த பத்து வீட்டுக் கேர் ஊழியர்கள் யூனிசன் உதவியோடு 2020-இல் இப்படித்தான் ஜெயித்தார்கள். விசிட்டுகளுக்கு நடுவே 60 நிமிடம் வரையிலான பயண, காத்திருப்பு நேரத்தை வேலை நேரமாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டது. சராசரியாக ஆளுக்குச் சுமார் 10,000 பவுண்ட் வந்தது. கவுன்சிலரிடம் பேசும்போது இந்த ஒரு வழக்கைச் சொன்னாலே அதிகாரிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். பக்கத்துப் பாரோவில் நடந்தது தங்களுக்கும் நடக்கலாம் அல்லவா.

6. கோரிக்கையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"நியாயமான சம்பளம் வேண்டும்" என்பது கோரிக்கை அல்ல. அதற்கு எந்தக் கவுன்சிலரும் "ஆமாம், வேண்டும்தான்" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். யார், எதை, எப்போதிலிருந்து என்ற மூன்றும் வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

இப்படி: "அடுத்த ஏப்ரல் முதல், வீட்டுக் கேர் ஒப்பந்தம் எல்லாவற்றிலும் விசிட்டுகளுக்கு இடையிலான நேரத்துக்கும் சம்பளம் தர வேண்டும் என்ற நிபந்தனையைக் கவுன்சில் சேர்க்க வேண்டும், அதற்கான ரேட்டைப் பட்ஜெட்டில் ஒதுக்க வேண்டும்."

புதிதாக வருகிறவர்கள் மணி ரேட்டில்தான் தொடங்குவார்கள். நான் பயண நேரத்தில் தொடங்கச் சொல்வேன். கவுன்சில்களுக்கான மத்திய அரசின் கேர் சட்ட வழிகாட்டுதலே, ஊழியருக்குக் குறைந்தபட்ச ஊதியம் கிடைப்பதையும் அதில் விசிட்டுகளுக்கு இடையிலான பயணம் சேர்வதையும் கவுன்சில் ஆதாரத்தோடு உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்கிறது. ஆக, சலுகை எதுவும் கேட்கவில்லை; இருக்கிற கடமையைக் கேட்கிறீர்கள். மேலே போட்ட காலை ஷிஃப்ட்டை மறுபடி பாருங்கள்: மணி ரேட்டில் ஒரு பவுண்ட் கூட்டினால் 2.75 பவுண்ட் வரும், அதே 13.20 ரேட்டில் 80 நிமிடப் பயணத்தைச் சேர்த்தால் 17.60 வரும்.

இரண்டாவது படியாக ரியல் லிவிங் வேஜ். இது சட்டம் சொல்லும் தொகை அல்ல. வாழ்க்கைச் செலவை வைத்து லிவிங் வேஜ் ஃபவுண்டேஷன் ஆண்டுதோறும் அறிவிப்பது. 2025 அக்டோபரில் அறிவித்தது லண்டனுக்கு 14.80, மற்ற இடங்களுக்கு 13.45. உங்கள் கவுன்சில் 'லிவிங் வேஜ் முதலாளி' என்று சான்று வாங்கி ஈமெயிலின் அடியில் முத்திரை போட்டுக்கொள்கிறதா என்று பாருங்கள். சான்று வாங்கியவர்கள் தங்கள் ஆட்களுக்கு மட்டுமல்ல, வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது எட்டு வாரமோ அதற்கு மேலோ தொடர்ந்து வேலை செய்யும் கான்ட்ராக்ட் ஊழியர்களுக்கும் அதே சம்பளம் கிடைக்கச் செய்ய வேண்டும்; கட்டம் கட்டமாகச் செய்ய அனுமதி உண்டு. "வீட்டுக் கேர் எந்தக் கட்டத்தில் வருகிறது?" என்று ஒரு கேள்வி. பதில் சொல்லச் சிரமப்படுவார்கள்.

கவுன்சில்கள் ஏற்க வேண்டிய நிபந்தனைகளைப் பட்டியலிடும் யூனிசனின் எதிக்கல் கேர் சார்ட்டர் 2012-இல் வந்தது. பயண நேரச் சம்பளமும் அவசர அவசரமாக ஓடாத ரோட்டாவும் முதல் கட்டத்தில், லிவிங் வேஜ் மூன்றாம் கட்டத்தில் என்று வரிசை போட்டிருக்கிறது. சதர்க், இஸ்லிங்டன் போன்ற கவுன்சில்கள் ஏற்றுக் கையெழுத்திட்டவை. உங்கள் கவுன்சிலும் எப்போதோ கையெழுத்திட்டு மறந்திருக்கலாம். தேடிப் பாருங்கள்.

7. காலண்டரைப் பார்த்து வேலையைப் பிரியுங்கள்

கவுன்சிலின் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. முழுக் கவுன்சில் பட்ஜெட்டை நிறைவேற்றுவது பெரும்பாலும் பிப்ரவரியில். வரைவு டிசம்பர், ஜனவரியிலேயே தயாராகிவிடும். பிப்ரவரியில் பதாகையோடு போய் நின்றால் படம் நன்றாக வரும், பணம் வராது. எண்களை எல்லாம் அதற்குள் பூட்டிவிட்டிருப்பார்கள்.

என் கணக்கு: ஜூனில் டைரி, ஜூலையில் தகவல் கேட்கும் கடிதம், செப்டம்பருக்குள் கோரிக்கை, அக்டோபரும் நவம்பரும் கவுன்சிலர்களைப் பார்ப்பது, டிசம்பருக்கு முன் பொதுக் கூட்டத்தில் பேசுவது. டெண்டர் அடுத்த ஆண்டு வருகிறதென்று தெரிந்தால் பட்ஜெட்டைவிட அதுவே முக்கியம். புது ஒப்பந்தத்தில் ஏறாத நிபந்தனையை நான்கைந்து வருடம் கழித்துத்தான் மறுபடி கேட்க முடியும். தேர்தலுக்கு முந்தைய சில வாரங்களில் அதிகாரிகள் புதிதாக எதுவும் அறிவிக்க மாட்டார்கள்; ஆனால் வேட்பாளர்கள் எதற்கும் வாக்குக் கொடுப்பார்கள். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"2028-இல் கேர் ஊழியர்களுக்குத் தேசியச் சம்பள ஒப்பந்தம் வருகிறதாமே, காத்திருக்கலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கான பேச்சுவார்த்தைக் குழுவுக்கு 2025 வேலை உரிமைச் சட்டம் வழி செய்திருக்கிறது, உண்மைதான். அதற்கு முன் இரண்டு பட்ஜெட்டாவது போய்விடும். அதுவரை உங்கள் பெட்ரோல் காசு?

8. குடும்பங்களைச் சேருங்கள், ஆனால் வேலை நேரத்தில் அல்ல

கவுன்சிலருக்கு ஊழியர் குரல் ஒன்று. "என் அம்மாவுக்கு வாரத்துக்கு ஒன்பது புது முகம் வருகிறது" என்று சொல்லும் மகளின் குரல் இன்னொன்று. இரண்டாவது அதிகம் உறைக்கும், ஏனென்றால் அவர்களும் அந்த வார்டின் ஓட்டு.

ஆனால் விசிட்டின்போது க்ளையன்டிடம் கையெழுத்து வாங்கவே கூடாது. உங்கள் கையை நம்பியிருப்பவர் "முடியாது" என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார். புகார் வந்தால் நியாயமும் உங்கள் பக்கம் இருக்காது. குடும்பப் பராமரிப்பாளர் குழுக்கள், ஓய்வூதியர் சங்கம், கோயில், சர்ச், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசல் வழியாகப் போங்கள். எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது தமிழ்ப் பள்ளிதான். பிள்ளைகளை விட்டுவிட்டுக் காரில் காத்திருக்கும் பெற்றோரில் கேர் வேலை பார்ப்பவர், கேர் வாங்கும் மாமியார் உள்ளவர் இரண்டும் உண்டு.

9. கவுன்சிலரைப் பாருங்கள்

கவுன்சிலர்கள் வார்டு மக்களைச் சந்திக்கும் நேரத்துக்கு 'சர்ஜரி' என்று பெயர். முதல் தடவை இதைச் சொன்னபோது, "எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே, எதுக்கு டாக்டர்?" என்று கேட்ட அக்காவை வைத்து இன்றும் சிரிக்கிறோம்.

முதலில் உங்கள் வார்டு கவுன்சிலர், அப்புறம் முதியோர் கேர் பொறுப்பில் உள்ள கேபினெட் உறுப்பினர், அதே வாரத்தில், கேபினெட் முடிவுகளைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினி கமிட்டித் தலைவர். இந்த வரிசைக்குக் காரணம், கேபினெட் உறுப்பினர் முதலிலேயே "பணம் இல்லை" என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். வார்டு கவுன்சிலர் ஏற்கெனவே உங்களுக்காக ஒரு ஈமெயில் போட்டிருந்தால் கதவு கொஞ்சம் திறந்திருக்கும்.

மூன்று பேர் போங்கள். ஒருவர் தன் காலை ஷிஃப்ட்டைச் சொல்லட்டும், ஒருவர் எண்களைச் சொல்லட்டும், ஒருவர் குறிப்பு எடுக்கட்டும். ஒரு பக்கத் தாள் கையில் கொடுங்கள்: மேலே கோரிக்கை, நடுவில் அந்த ஐந்து வீட்டு ரோட்டா, கீழே கவுன்சிலே தந்த ரேட். சொந்த எண்ணுக்கு எதிராகக் கவுன்சில் வாதாடுவது கஷ்டம். மேனேஜர் திட்டியது, லீவு தராதது போன்ற குறைகளை எல்லாம் அன்றைக்குக் கொட்டாதீர்கள். உண்மைதான், ஆனால் கவுன்சிலர் தீர்க்க முடியாதவற்றைச் சொன்னால் தீர்க்க முடிந்ததையும் மறந்துவிடுவார். அன்று இரவே நன்றி ஈமெயில் போட்டு, அவர் ஒப்புக்கொண்டதை அதில் எழுதுங்கள்.

10. கவுன்சில் கூட்டத்தில் பேசுவது

பொதுக் கேள்வி, மனு, டெப்யுடேஷன் (குழுவாகப் போய்ப் பேசுவது) என்று மூன்று வழி உண்டு. எத்தனை நாள் முன்னதாகப் பெயர் கொடுக்க வேண்டும், எத்தனை நிமிடம் பேசலாம் என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். டெமாக்ரட்டிக் சர்வீசஸ் என்ற பிரிவுக்கு ஈமெயில் போட்டால் சொல்வார்கள். ஒரு நாள் தாமதமானாலும் எடுக்க மாட்டார்கள்.

ஆங்கிலம் தடுமாறுகிறது என்று ஒதுங்க வேண்டாம். எங்களில் பேசியவர் முழு ஆங்கில உரையையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படித்தார். இரண்டே நிமிடம். ரோட்டாவைப் படித்தார்: "ஏழு மணி, ஏழரை மணி, சம்பளம் உண்டு. ஏழரை முதல் ஏழு ஐம்பது, சம்பளம் இல்லை." இப்படியே பதினொன்று ஐந்து வரை. அறையில் பேச்சே இல்லை.

கடைசியில் 'ஆம்', 'இல்லை' என்று பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியோடு முடியுங்கள். பதில் கூட்டக் குறிப்பில் ஏறும். பிறகு அதைத்தான் காட்டிக் காட்டிக் கேட்கப் போகிறீர்கள்.

வேலைநிறுத்தம் பற்றி ஒரு வார்த்தை. க்ளாஸ்கோவில் 2018 அக்டோபரில் வீட்டுக் கேர் ஊழியர் உட்படச் சுமார் 8,000 பெண்கள் சமச் சம்பளம் கேட்டு இரண்டு நாள் வேலையை நிறுத்தினார்கள். சில மாதத்தில் உடன்பாடு வந்தது. ஆனால் அவர்கள் கவுன்சில் பக்கத்து ஊழியர்கள், வருடக்கணக்காகக் கட்டிய யூனியன் பின்னால் இருந்தது. பல கம்பெனிகளில் சிதறிக் கிடக்கும் நாற்பது பேர் அதை முதல் படியாக எடுக்கக் கூடாது. சட்டப்படி ஓட்டெடுப்பு நடத்தாமல் நீங்களாக வேலைக்குப் போகாமல் நிற்பது வேலைக்கே உலை.

11. ஜெயித்த பிறகு செய்ய வேண்டியது

நாங்கள் பாதி ஜெயித்தோம் என்றேனே, மீதிப் பாதியை இங்கேதான் விட்டோம். கவுன்சில் ரேட்டைக் கூட்டியது. கேக் வெட்டினோம். ஏப்ரல் பேஸ்லிப் வந்தது, சட்டம் கூட்டிய குறைந்தபட்சம் மட்டும் ஏறியிருந்தது. கூடுதல் பணம் கம்பெனி வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது, ஏனென்றால் ஒப்பந்தத்தில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது.

அந்த வரி: கூட்டிய தொகை ஊழியர் சம்பளத்துக்குப் போனதற்கு ஆதாரம் காட்ட வேண்டும், சம்பளப் பதிவேட்டைக் கவுன்சில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். கோரிக்கை எழுதும்போதே இதைச் சேருங்கள். கேபினெட் முடிவு வந்ததும், ஒப்பந்த மாற்றக் கடிதத்தில் அது இருக்கிறதா என்று மறுபடி தகவல் சட்டத்தில் கேளுங்கள்.

பழைய டைரி நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மே மாதம் இன்னொரு நான்கு வாரம் எழுதிப் பழையதோடு ஒப்பிடுங்கள். ரோட்டாவில் விசிட்டுகளுக்கு நடுவே இருந்த இடைவெளி திடீரென ஐந்து நிமிடமாகச் சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பயண நேரத்துக்குச் சம்பளம் தர வேண்டும் என்றதும் பயண நேரத்தையே காகிதத்தில் குறைத்துவிடும் ரோட்டாக்களை நான் பார்த்திருக்கிறேன். இருபது நிமிட ரோடு ஐந்து நிமிடத்தில் வராது. கூகுள் மேப்ஸில் அதே நேரத்துக்கு அதே வழியைப் போட்டு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, டைரிப் பக்கத்தோடு சேர்த்து ஒப்பந்த மேற்பார்வை அதிகாரிக்கு அனுப்புங்கள். போஸ்ட்கோடின் முதல் பாதியை மட்டும் விட்டு மற்றதை மறைத்துவிட்டு.